திரையில் மங்கும் மேலடி, மறையும் கீழடி: சொற்செயலிகளில் அவை தோன்றும் முறை பற்றி

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஆய்வேட்டை வேர்டில் தட்டச்சு செய்து, ஏழு இயல்களையும் ஒரே கோப்பாக இணைத்து முடித்திருக்கிறேன். மொத்தம் 286 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலடியிலும் (ஹெடர்) அந்தந்த இயலின் பெயரும், கீழடியில் (ஃபூட்டர்) பக்க எண்ணும் வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னை மூன்று குழப்பங்கள் வாட்டுகின்றன. முதலாவதாக, மேலடியில் நான் கருப்பு நிறத்தில் தட்டச்சு செய்த எழுத்துகள் திரையில் சாம்பல் நிறமாக மங்கித் தெரிகின்றன. எழுத்துருவின் நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. இரண்டாவதாக, கோப்பை நெறியாளருக்கு அனுப்பியபோது அவர் தமது கணினியில் மேலடியே இல்லை என்றார். அவர் திருத்தித் திருப்பி அனுப்பிய கோப்பைத் திறந்தால் இப்போது என் கணினியிலும் மேலடியைக் காணவில்லை. ஒரு பக்கம் முடியும் இடத்தில் வெறும் கோடு மட்டுமே தெரிகிறது. மூன்றாவதாக, நான்காம் இயலின் மேலடியில் பெயரை மாற்றினால் ஏழு இயல்களிலும் அதே பெயர் வந்து நிற்கிறது. இவை ஒரே கோளாறின் மூன்று விளைவுகளா, அல்லது வெவ்வேறானவையா என்றுகூட எனக்குப் புரியவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தட்டச்சு நிலையம் எழுதியது:

வணக்கம் அம்மா. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கட்டமைத்துக் கொடுக்கும் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றும் வெவ்வேறானவை. ஆயினும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். மேலடியும் கீழடியும் நீங்கள் எழுதும் உரையின் பகுதி அல்ல, தாளின் பகுதி. உரை ஒரு நீரோட்டம்போல ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது. மேலடி அந்த ஓட்டத்தில் கலக்காமல், தாள் புதிதாகப் பிறக்கும்போதெல்லாம் அதன் தலையில் வந்து அமர்கிறது. ஆகவே திரையில் தாளின் வடிவம் இருக்கும் வரைதான் மேலடியும் இருக்கும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். மங்கித் தெரிவது கோளாறு அன்று. வேர்டில் நீங்கள் உரையில் நின்று வேலை செய்யும்போது மேலடியும் கீழடியும் வெளிறிக் காட்டப்படும். மேலடிக்குள் இரட்டைச் சொடுக்கிட்டு நுழைந்தால் காட்சி தலைகீழாகும்: மேலடி முழு நிறம் பெறும், உரை வெளிறிவிடும். எந்தப் பரப்பில் உங்கள் சுட்டி நிற்கிறது என்பதை உணர்த்துவதற்கான ஏற்பாடு அது. எழுத்தின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அச்சில் நீங்கள் கொடுத்த கருப்பு கருப்பாகவே வரும். ஐயம் இருந்தால் கன்ட்ரோல் விசையுடன் எஃப்2 விசையை அழுத்தி அச்சு முன்தோற்றத்தைப் பாருங்கள். நீங்கள் நிறத்தைப் பலமுறை மாற்றியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஏதேனும் ஓர் இயலில் அடர் நீலமோ வேறு நிறமோ தங்கிவிட்டதா என்பதையும் அதே முன்தோற்றத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கான விடை நீங்கள் சொன்ன அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. பிரின்ட் லேஅவுட் காட்சியில் இரண்டு பக்கங்களுக்கு இடைப்பட்ட சாம்பல் நிற இடைவெளியில் சுட்டியைக் கொண்டுபோனால், ஒன்றையொன்று நோக்கும் இரு அம்புக்குறிகளாக அது மாறும். அங்கே தெரியாமல் இரட்டைச் சொடுக்கு விழுந்துவிட்டால், மேல் ஓரத்தின் வெற்றிடமும் கீழ் ஓரத்தின் வெற்றிடமும் சுருட்டி மறைக்கப்படும். மேலடியும் கீழடியும் அந்த வெற்றிடத்துக்குள்தான் குடியிருக்கின்றன என்பதால் அவையும் சேர்ந்து மறைந்துவிடும். எதுவும் அழியவில்லை. அந்தக் கோட்டின் மீதே மீண்டும் இரட்டைச் சொடுக்கிடுங்கள். எல்லாம் திரும்பி வந்துவிடும். ஃபைல் பட்டியலில் ஆப்ஷன்ஸ், அதில் டிஸ்பிளே என்ற பகுதியில் பக்கங்களுக்கிடையே வெற்றிடத்தைக் காட்டுவதற்கான தேர்வுப்பெட்டி முதல் வரிசையிலேயே இருக்கிறது. அதன் வழியாகவும் சரிசெய்யலாம்.

மேலடியைக் காணோம் என்று பதறி எங்கள் நிலையத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நேர்ந்தது இந்த இரட்டைச் சொடுக்குதான். அவர்களில் சிலர் மேலடியை மறுபடியும் செருக முயன்று, இருந்த மேலடியையும் அழித்துவிட்டு வந்திருந்தார்கள். ஆகையால் காணவில்லை என்றவுடன் எதையும் செருகாதீர்கள். முதலில் எந்தக் காட்சியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். டிராஃப்ட், வெப் லேஅவுட், அவுட்லைன் ஆகிய மூன்று காட்சிகளிலும் மேலடி தெரியாது. வாசிப்புக்கென உள்ள ரீட் மோடிலும் தெரியாது. மின்னஞ்சல் இணைப்பாக வந்த கோப்பு ரீட் மோடில் திறந்துகொள்வதும் உண்டு.

மூன்றாவது கேள்வி பெரியது. இரவு எழுதுகிறேன்.

கோப்பியல் எழுதியது:

நண்பர் சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். நெறியாளர் திருப்பி அனுப்பிய பிறகு உங்கள் கணினியிலும் மேலடி மறைந்தது தற்செயல் அன்று. டாக்எக்ஸ் என்ற வடிவக் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதி. கோப்பின் படி ஒன்றை எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால், உள்ளே உரைக்கு ஒரு கோப்பும், அமைப்புகளுக்கு ஒரு கோப்பும், ஒவ்வொரு மேலடிக்கும் கீழடிக்கும் தனித்தனிக் கோப்புகளும் இருப்பதைக் காணலாம். பக்கங்களுக்கிடையேயான வெற்றிடத்தைக் காட்ட வேண்டாம் என்ற குறிப்புக்கு அந்த அமைப்புக் கோப்பில் இடம் உண்டு. 2006ஆம் ஆண்டில் எக்மா என்ற தர அமைப்பின் தரமாகவும் 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் வெளியான அந்த வடிவத்தின் விவரிப்பிலேயே இது இடம்பெற்றுள்ளது. ஒருவர் தம் கணினியில் தெரியாமல் இட்ட இரட்டைச் சொடுக்கு, கோப்போடு பயணம் செய்து இன்னொருவரின் திரைக்கு வருவது இப்படித்தான்.

மேலடி தனிக் கோப்பாக வைக்கப்பட்டிருப்பது, அது தாளின் பகுதி என்று மேலே சொல்லப்பட்டதற்கும் சான்றாகிறது. உரைக் கோப்பில் மேலடியின் சொற்கள் ஒன்றுகூட இருப்பதில்லை. கோப்பின் ஒவ்வொரு பகுதியின் (செக்ஷன்) முடிவிலும், இந்தப் பகுதிக்கு இன்ன மேலடிக் கோப்பைப் பயன்படுத்து என்ற சுட்டு மட்டுமே இருக்கும். அந்தச் சுட்டு இல்லாத பகுதி, தனக்கு முந்தைய பகுதியின் மேலடியை எடுத்துக்கொள்ளும். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை இந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. செய்முறையைத் தட்டச்சு நிலையத்தார் சொல்லட்டும்.

ஊர்ச்சங்கச் செயலர் எழுதியது:

இதே இழையில் ஒரு சிறு கேள்வி. எங்கள் சங்கத்தின் கடிதத்தாளை வேர்டில் அமைத்து, வண்ண இலச்சினையை மேலடியில் வைத்தேன். திரையில் அது வெயிலில் கிடந்து வெளுத்த துணிபோலத் தெரிகிறது. அதையே திரைப்பிடிப்பு எடுத்து உறுப்பினர் குழுவில் பகிர்ந்தபோது, அச்சுப் பணியில் தவறு நேர்ந்ததாகப் பலர் கருதிவிட்டார்கள். இந்த மங்கலை முற்றிலும் நிறுத்த வழி உண்டா?

தட்டச்சு நிலையம் எழுதியது:

ஐயா, வேர்டில் இந்த மங்கலை நிறுத்தும் தேர்வு எதுவும் தரப்படவில்லை. பகிர வேண்டுமானால் பிடிஎஃப் ஆகச் சேமித்து அதைப் பகிருங்கள். அதில் இலச்சினை முழு வண்ணத்தில் இருக்கும். திரைப்பிடிப்புத்தான் வேண்டுமென்றால் அச்சு முன்தோற்றத்தில் எடுங்கள்.

இதனோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேர்டில் வாட்டர்மார்க் என்று நாம் செருகும் நிழலெழுத்தும் மேலடியில் நங்கூரமிடப்பட்ட ஒரு படம்தான். பக்கத்தின் நடுவில் தெரிவதால் அது உரையோடு சேர்ந்தது என்று தோன்றும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் மேலடிக்குள்தான் நுழைய வேண்டும். சில பக்கங்களில் மட்டும் நிழலெழுத்து வராமல் போவதற்கும், எவ்வளவு முயன்றும் அதை அழிக்க முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

அச்சு மை எழுதியது:

நான் இதழ் வடிவமைப்பில் இருப்பவன். மங்கிக் காட்டும் இந்த முறையைச் சரியென்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. திரையில் காண்பதே தாளில் கிடைக்கும் என்பதுதான் இக்காலச் சொற்செயலிகள் கொடுத்த வாக்கு. பக்கத்தின் சமநிலையைக் கண்ணால் அளக்கும் ஒருவருக்கு, மேலடியின் எழுத்துப் பருமனும் அடர்த்தியும் உரையோடு எப்படிப் பொருந்துகின்றன என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். வேர்டிலோ ஒன்று அடர்ந்திருந்தால் மற்றது வெளிறியிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் உண்மை நிறத்தில் காண இயலாது. நான் பார்த்த பல ஆய்வேடுகளில் மேலடி உரையைவிடத் தடித்து நிற்கிறது. திரையில் மங்கித் தெரிந்ததை ஈடுசெய்ய, எழுதியவர் தம்மையறியாமல் அதைத் தடித்த எழுத்தாக்கியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

திறமூலன் எழுதியது:

அச்சு மை அவர்களின் வருத்தம் நியாயமானது. லிப்ரேஆபீஸ் ரைட்டர் என்ற திறமூலச் சொற்செயலியில் மேலடி மங்குவதில்லை; உரையும் மேலடியும் ஒரே அடர்த்தியில் தெரியும். சுட்டியைப் பக்கத்தின் மேல் ஓரத்துக்குக் கொண்டுபோனால், மேலடி என்ற சொல்லையும் அடைப்புக்குள் பக்கப் பாணியின் பெயரையும் தாங்கிய நீலப் பட்டை ஒன்று தோன்றும். அதைச் சொடுக்கி மேலடியைச் சேர்க்கலாம், வடிவமைக்கலாம். கூகுள் டாக்ஸிலும் மேலடி உரைக்கு நிகரான நிறத்திலேயே தெரிகிறது. அதற்குள் நுழைந்தால் எல்லையைக் காட்டும் கோடும் முதல் பக்கத்துக்கு வேறு மேலடி வேண்டுமா என்ற தேர்வும் தோன்றுகின்றன. ஆகவே எங்கே நிற்கிறோம் என்பதை உணர்த்த மங்கல் ஒன்றுதான் வழி என்று சொல்ல முடியாது.

ஆனால் மறைதல் எல்லா இடத்திலும் உண்டு. ரைட்டரில் வியூ பட்டியலில் வெற்றிடத்தை மறைக்கும் தேர்வும், தாள் வடிவம் இல்லாத வெப் காட்சியும் இருக்கின்றன. கூகுள் டாக்ஸில் 2022ஆம் ஆண்டு பக்கமற்ற வடிவம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு மாற்றினால் மேலடி, கீழடி, பக்க எண் மூன்றும் தெரியாமல் போகும். பக்கம் என்ற ஒன்றே இல்லாதபோது பக்க எண் எங்கே நிற்கும்? கைப்பேசியில் வேர்ட் செயலியைத் திறந்து, சிறு திரைக்கேற்ப உரையை மடித்துக் காட்டும் மொபைல் காட்சிக்கு மாற்றினாலும் இதே நிலைதான். பொருநை அவர்களின் நெறியாளர் கைப்பேசியில் படித்தாரா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்.

தட்டச்சு நிலையம் எழுதியது:

அச்சு மை அவர்கள் வடிவமைப்பாளரின் கண்ணால் பார்க்கிறார். நான் தட்டச்சு செய்பவனின் கண்ணால் பார்க்கிறேன். முந்நூறு பக்கங்களை ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே சொற்கள் அடர்ந்து நின்றால், உரையின் கடைசி வரியிலிருந்து அடுத்த பக்கத்தின் முதல் வரிக்குத் தாவும் பார்வை இடறுகிறது. மேலடி வெளிறியிருந்தால் கண் அதைக் கடந்து போய்விடும். பிழை திருத்தும் வேலைக்கு இது பெரும் துணை. அதோடு, மேலடி உரை அன்று என்பதைப் புதியவருக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. உரையின் முதல் வரியாக இயலின் பெயரைக் கையால் தட்டச்சு செய்து, அதையே மேலடி என்று நம்பி, ஒரு பத்தியைச் சேர்த்தவுடன் எல்லாப் பக்கங்களிலும் அந்த வரி இறங்கிப்போனதைக் கண்டு கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இன்றைய காட்சியின் அருமை புரியும். 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டாரில் மேலடிக்கு என்று திரையில் இடமே கிடையாது. வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, எச், இ என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி, அதன்பின் மேலடிக்குரிய சொற்களை எழுதுவோம். கீழடிக்குப் புள்ளியும் எஃப், ஓ என்ற எழுத்துகளும். திரையில் அந்தக் கட்டளை வரி அப்படியே உரையின் நடுவே நிற்கும். மேலடி தாளில் வந்து விழும்போதுதான் அது எப்படி அமைந்திருக்கிறது என்பதை அறிவோம். 1989இல் வந்த வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1இல் கட்டளை வரியும் கண்ணில் படாது. மறைகுறிகளைத் திறந்து காட்டும் தனித் திரையில்தான் மேலடி இருக்கிறது என்ற குறிப்பையே பார்க்கலாம். பக்கத்தின் தோற்றத்தைக் காண வேண்டுமானால் அச்சுப் பட்டியலுக்குள் சென்று முன்தோற்றத்தைத் திறக்க வேண்டும். ஒரு மேலடிப் பிழைக்காக நாற்பது தாள்களை வீணாக்கிய இரவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவனுக்கு, மங்கலாகவேனும் மேலடி கண்முன் நிற்பது பெரிய நிம்மதி.

அச்சு மை எழுதியது:

பிழை திருத்துபவருக்கு மங்கல் உதவும் என்பதை ஏற்கிறேன். அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. இருந்தாலும் அதை வேண்டும்போது நிறுத்தும் உரிமை பயனாளரிடம் இருக்க வேண்டும் என்ற கருத்தில் மாற்றமில்லை. மேலடிக்குள் நுழைந்த பிறகு உரையை அறவே மறைத்துவிடும் தேர்வுப்பெட்டி வேர்டின் மேலடிப் பட்டையிலேயே இருக்கிறது. அதைத் தந்தவர்கள் இதையும் தந்திருக்கலாம்.

பொருநை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கோட்டின் மீது இரட்டைச் சொடுக்கிட்டவுடன் 286 பக்கங்களிலும் மேலடி திரும்பி வந்துவிட்டது. நெறியாளரிடமும் கேட்டேன், கணினியில்தான் படித்திருக்கிறார், ஓரிடத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டதைக் கவனித்ததாகவும் சொன்னார். முன்தோற்றத்தில் பார்த்தபோது மேலடி அடர் நீலமாக இருந்தது, அதையும் கருப்பாக்கிவிட்டேன். இயல்களின் பெயர் மாறும் சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. இயல்களுக்கிடையே நான் பக்க முறிப்பு மட்டுமே கொடுத்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தட்டச்சு நிலையம் எழுதியது:

நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் காரணம் அம்மா. பக்க முறிப்பு உரையை அடுத்த தாளுக்குத் தள்ளுமே தவிர, புதிய பகுதியைத் தொடங்காது. உங்கள் கோப்பு முழுவதும் ஒரே பகுதி. ஒரு பகுதிக்கு ஒரே மேலடி. பகுதி முறிப்பு கொடுத்தாலும் வேலை முடியாது. புதிய பகுதி பிறக்கும்போதே முந்தைய பகுதியின் மேலடியோடு பிணைக்கப்பட்டே பிறக்கும். கோப்பியல் சொன்ன, சுட்டு இல்லாத பகுதி என்பது இதுதான்.

திரையில் இதைக் கண்டறிய அடையாளங்கள் உண்டு. மேலடிக்குள் நுழைந்தால் அதன் எல்லையில் ஒரு புள்ளிக்கோடும், இடப்பக்கம் ஒரு சிறு சீட்டும் தெரியும். மேலடி, பகுதி 4 என்பதுபோல அதில் எழுதியிருக்கும். வலப்பக்கம் முந்தையதைப் போன்றதே என்ற பொருளில் இன்னொரு சீட்டு இருந்தால், இங்கே நீங்கள் செய்யும் மாற்றம் முந்தைய பகுதியையும் தொடும். லிங்க் டு பிரீவியஸ் என்ற பொத்தானை அணைத்தால் அந்த வலப்பக்கச் சீட்டு மறையும். அதன் பிறகே பெயரை மாற்ற வேண்டும். பலர் பெயரை முதலில் மாற்றிவிட்டு, பிணைப்பை அதன்பின் அறுக்கிறார்கள். அதற்குள் முந்தைய இயலின் பெயர் போய்விடுகிறது.

ஆனால் உங்களுக்கு நான் இந்த வழியைப் பரிந்துரைக்கவில்லை. ஏழு இயல்களுக்கு ஏழு மேலடிகளைக் கையால் எழுதி வைத்தால், இயலின் தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்தும்போதெல்லாம் மேலடியையும் நினைவாகத் திருத்த வேண்டும். அதைவிட நல்ல வழி ஸ்டைல்ரெஃப் என்ற புலம். புலம் என்பது வேர்ட் தானே நிரப்பிக்கொள்ளும் இடம். எல்லா இயல் தலைப்புகளுக்கும் ஹெடிங் 1 என்ற பாணியைக் கொடுங்கள். மேலடிக்குள் நின்று, இன்சர்ட் பட்டியலில் குவிக் பார்ட்ஸ், அதில் ஃபீல்டு, அதில் ஸ்டைல்ரெஃப் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹெடிங் 1 என்ற பெயரைச் சுட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் புலம், அப்பக்கத்தில் ஹெடிங் 1 பாணியில் ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால் அதைக் காட்டும். இல்லையென்றால் முந்தைய பக்கங்களை நோக்கிப் பின்னே சென்று தேடி, கடைசியாக வந்த தலைப்பை எடுத்துவந்து காட்டும். எழுதுவது ஒரே மேலடி. திரையில் தெரிவதோ ஏழு பெயர்கள். பகுதி முறிப்பும் பிணைப்பறுப்பும் இதற்குத் தேவையே இல்லை. அகராதிகளில் பக்கத்தின் தலையில் முதற்சொல்லும் ஈற்றுச்சொல்லும் வருவதையும் இதே புலத்தைக் கொண்டு அமைக்கலாம்; பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கித் தேடச் சொல்லும் எல் என்ற விசைக்குறி அதற்கு இருக்கிறது.

முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் இயல்களுக்கு 1, 2 என்ற எண்ணும் வேண்டுமானால் மட்டும் அவற்றுக்கிடையே ஒரு பகுதி முறிப்புக் கொடுங்கள்.

திறமூலன் எழுதியது:

ரைட்டரில் மேலடி பகுதியைச் சார்ந்ததன்று, பக்கப் பாணியைச் சார்ந்தது. ஆகவே அங்கே பகுதிகளைத் தேடி அலைய வேண்டாம். இயலின் பெயர் தானே வருவதற்கு டாக்குமென்ட் புலங்களில் ஒரு வகை நெடுங்காலமாக இருக்கிறது.

வல்லை வாசகன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பழைய ஆவணங்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில்தான் கிடைக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது மேலடியில் நேரும் ஓர் இடரை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனெனில் ஆய்வேட்டுக்காரர்கள் பலர் பழைய கோப்பிலிருந்து இயல்களை எடுத்துச் சேர்ப்பார்கள்.

நாம் கன்ட்ரோலும் ஏ விசையும் அழுத்தி முழு உரையையும் தேர்ந்தெடுத்து, மாற்றியில் இட்டு, மீண்டும் கோப்பில் ஒட்டுகிறோம். முழுவதும் என்று நாம் நினைப்பது உரையை மட்டுமே. மேலடியும் கீழடியும் அந்தத் தேர்வுக்குள் வருவதில்லை. ஆகையால் உரை யூனிகோடாக மாறிவிடும். மேலடி பாமினியிலேயே நிற்கும். நம் கணினியில் பாமினி எழுத்துரு நிறுவப்பட்டிருப்பதால் திரையில் இரண்டும் தமிழாகவே தெரியும். மேலடி மங்கித் தெரிவதால் எழுத்துருவின் வேறுபாட்டையும் கண் பிடிக்காது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போதுதான், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல் ஒன்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தோன்றும். தமிழ் என்ற சொல்லின் ஈற்றுப் புள்ளியே பாமினியில் ஒரு அரைப்புள்ளிதான். பிற எழுத்துருவில் அதன் வேடம் கலைந்துவிடுகிறது.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை இது: மேலடிக்குள் நுழைந்து, அங்கே தனியாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவின் பெயரைப் பார்ப்பேன். முதற்பக்க மேலடி, ஒற்றைப்பக்க மேலடி, இரட்டைப்பக்க மேலடி என மூன்று தனித்தனியாக இருக்கக்கூடும். மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

கோப்பியல் எழுதியது:

வல்லை வாசகன் அவர்களின் குறிப்பு மிகத் தேவையானது. அதனோடு தமிழுக்கே உரிய இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

வேர்டு தமிழை, சிக்கல் எழுத்து முறை என்று அது வகுத்துள்ள பிரிவில் வைத்திருக்கிறது. அப்பிரிவுக்கான எழுத்துருவும் அளவும், இலத்தீன் எழுத்துகளுக்கும் எண்களுக்குமான எழுத்துரு, அளவு ஆகியவற்றிலிருந்து தனியாகக் குறிக்கப்படுகின்றன. கீழடியில் பக்கம் என்ற தமிழ்ச் சொல்லும் அதையடுத்து எண்ணும் வரும்போது, சொல் ஒரு பருமனிலும் எண் வேறொரு பருமனிலும் தெரிவதற்கு இதுவே காரணம். எழுத்துரு உரையாடல் பெட்டியைத் திறந்தால் இரண்டுக்கும் தனித்தனி இடங்கள் இருக்கும். ஹெடர், ஃபூட்டர் என்ற பெயர்களில் உள்ள பாணிகளையே திருத்தி இரண்டையும் ஒப்ப அமைத்துவிட்டால் ஒவ்வொரு பக்கமாகத் திருத்தும் வேலை மிச்சமாகும்.

மற்றொன்று, வரி இடைவெளியைச் சரியாக இத்தனை புள்ளி என்று கட்டிப்போடும் தேர்வு. ஆங்கில வார்ப்புருக்களின் மேலடியில் இது இருந்தால், கீ, மீ போன்றவற்றின் மேற்கொக்கியும், ஸ்ரீ போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் திரையில் வெட்டுப்பட்டுத் தெரியும். இடைவெளியை ஒற்றை வரி என்றோ குறைந்தது இத்தனை என்றோ மாற்றினால் எழுத்து முழுமையாகும்.

செவிவழி எழுதியது:

நான் பார்வையற்றவன், திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு படிக்கிறேன், எழுதுகிறேன். இங்கே மேலடி கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் காதுக்கு அது தானாகத் தோன்றுவதே இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அம்புவிசையால் வரிவரியாக உரையைப் படித்துச் செல்லும்போது மேலடியும் கீழடியும் வாசிக்கப்படுவதில்லை. நானாக மேலடிக்குள் நுழைந்தால்தான் கேட்கலாம். பிடிஎஃப் ஆக மாற்றினாலும், முறையாகக் குறியிடப்பட்ட கோப்பில் அவை உள்ளடக்கம் அல்லாத பக்க அலங்காரம் என்று குறிக்கப்பட்டுத் தாண்டப்படும்.

பெரும்பாலும் இது எனக்கு நன்மையே. ஒவ்வொரு பக்கத்திலும் இயலின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தால் வாக்கியம் நடுவில் அறுந்துபோகும். ஆனால் சிலர் சுற்றறிக்கையின் கடைசித் தேதியையும், தொடர்பு முகவரியையும், இது வரைவு மட்டுமே என்ற எச்சரிக்கையையும் மேலடியில் மட்டும் எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பம் ஒன்றின் கடைசி நாள் மேலடியில் இருந்ததை அறியாமல் ஒரு வாய்ப்பை நான் இழந்திருக்கிறேன். உரையில் ஒரு முறையேனும் சொல்லாத எதையும் மேலடியில் மட்டும் வைக்காதீர்கள் என்று இங்குள்ள அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர்ச்சங்கச் செயலர் எழுதியது:

ஐயா, எங்கள் கடிதத்தாளில் தொலைபேசி எண் கீழடியில் மட்டுமே இருக்கிறது. இன்றே கையொப்பத்தின் கீழும் சேர்த்துவிடுகிறேன். இதைச் சொன்னதற்கு நன்றி.

திறமூலன் எழுதியது:

சொல்லாட்சி பற்றி ஒன்று. ஃபூட்டர் என்பதைச் சிலர் அடிக்குறிப்பு என்று எழுதுகிறார்கள். அடிக்குறிப்பு என்பது உரையின் ஓர் இடத்துக்குரிய விளக்கம். எண்ணிட்டு, அந்தச் சொல் வரும் பக்கத்தின் அடியில் வருவது. அது உரையோடு சேர்ந்து நகரும். டிராஃப்ட் காட்சியில்கூட அதைத் தனிப் பலகத்தில் திறந்து பார்க்கலாம். கீழடி தாளோடு நிற்பது. ஆய்வேடு எழுதுவோர் இரண்டையும் நாள்தோறும் கையாள்வதால், மேலடி, கீழடி, அடிக்குறிப்பு என்று மூன்றையும் பிரித்தே சொல்வது குழப்பத்தைத் தவிர்க்கும். இந்த இழையில் அனைவரும் அப்படியே எழுதியிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது.

பொருநை எழுதியது:

ஸ்டைல்ரெஃப் புலம் அமைத்தேன். ஆறு இயல்களிலும் பெயர் தானாக மாறி வந்தது. ஐந்தாம் இயலில் மட்டும் நான்காம் இயலின் பெயரே தொடர்ந்தது. தேடிப் பார்த்தால், அந்தத் தலைப்புக்குப் பாணி கொடுக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடித்திருக்கிறேன். பாணி கொடுத்தவுடன் சரியாகிவிட்டது. வல்லை வாசகன் சொன்னபடி மேலடிகளின் எழுத்துருவையும் பார்த்தேன், எல்லாம் யூனிகோடுதான்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். நேற்று வீட்டிலுள்ள அச்சுப்பொறியில் பத்துப் பக்கங்களை அச்சிட்டேன். திரையிலும் முன்தோற்றத்திலும் முழுமையாகத் தெரியும் பக்க எண், தாளில் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டு வருகிறது. இடத்தை மிச்சப்படுத்த, கீழடிக்கும் தாளின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை 0.3 செ.மீ. என்று குறைத்திருந்தேன்.

தட்டச்சு நிலையம் எழுதியது:

அந்தத் தூரம்தான் காரணம். பல அச்சுப்பொறிகளால் தாளின் விளிம்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலத்தில் மை பதிக்க இயலாது. சொற்செயலி திரையில் தாள் முழுவதையும் வரைந்து காட்டும்; அச்சுப்பொறியின் எல்லை அதில் தெரியாது. வழக்கமான அளவான அரை அங்குலத்தை, அதாவது 1.27 செ.மீ. தூரத்தை, மீண்டும் கொடுங்கள். பக்கத்தின் கீழ் ஓரம் அதைவிடப் போதிய அளவு கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் கீழடி தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டு உரையை மேலே தள்ளும், பக்கங்களின் எண்ணிக்கை மாறும். பொருளடக்கத்தின் எண்களை இந்த மாற்றத்துக்குப் பிறகு புதுப்பியுங்கள். கட்டமைக்கக் கொடுப்பதற்கு முன், ஒவ்வோர் இயலின் முதல் பக்கத்தையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் மட்டும் அச்சிட்டுக் கையில் வைத்துப் பாருங்கள். பதினான்கு தாள்கள் போதும்.